மாம்பழமும் கொத்தமல்லியும்: கோலார் தங்க வயலில் ஓர் ஊட்டச் சத்துக் கணக்கு

கோலார் தங்க வயலின் ராபர்ட்சன்பேட்டைக் கடைவீதியில் மே, ஜூன் மாதங்களில் இரு பொருள்கள் அருகருகே விற்கப்படுவதைக் காணலாம். ஒன்று, சீனிவாசபுரம் வட்டாரத் தோப்புகளிலிருந்து வந்து குவியும் மாம்பழம். மற்றொன்று, ஈரச் சாக்கின்மேல் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும் கொத்தமல்லிக் கட்டு. மாம்பழத்தை எடை போட்டு, பேரம் பேசி வாங்குகிறார்கள். கொத்தமல்லியோ, விலை மலிந்த நாட்களில், வாங்கிய காய்கறிகளோடு கொசுறாகவே பையில் விழுந்துவிடுகிறது. பழம் பண்டிகைப் பொருள் என்றும், தழை வாசனைப் பொருள் என்றும் இல்லங்களில் மதிப்பீடு செய்யப்படுகிறது. ஊட்டச் சத்து அட்டவணையைப் படித்தவர்கள் இம்மதிப்பீட்டைத் தலைகீழாக்கிக் கூறுவதுண்டு. கொசுறாகக் கிடைக்கும் தழையில் பழத்தைவிடப் பன்மடங்கு சத்து உள்ளது என்பது அவர்கள் வாதம்.

இவ்விரண்டில் எது சரி என்னும் வினா வெறும் ஏட்டுச் சுரைக்காய் அன்று. 2019-21 இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, கர்நாடகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 47.8 சதவீதத்தினரும், ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 65.5 சதவீதத்தினரும் இரத்தசோகை உடையவர்கள். இத்தகைய நிலையில், குறைந்த வருவாயுள்ள குடும்பம் காய்கனிக்கென ஒதுக்கும் சிறு தொகை எங்கே செல்ல வேண்டும் என்பதும், பள்ளி உணவுக்கும் அங்கன்வாடிக்கும் பொருள் வாங்கும் அலுவலர் எந்த எண்ணை நம்ப வேண்டும் என்பதும் பொருளாதார வினாக்களே.

சுரங்கத்திற்குப் பின் வந்த வாழ்க்கை

1880 இல் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனம் இங்கு சுரங்கத் தொழிலைத் தொடங்கியது முதல், வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் பகுதிகளிலிருந்து தொழிலாளர் குடும்பங்கள் சாரி சாரியாக வந்து குடியேறின. தமிழ் பேசும் மக்கள் மிகுந்த ஊராகத் தங்க வயல் உருவானது அவ்வாறே. 1902 இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. சுரங்கம் மூன்று கிலோ மீட்டருக்கும் அதிகமான ஆழத்தை எட்டியது. 1956 இல் மைசூர் மாநில அரசும், 1962 இல் மத்திய அரசும் பொறுப்பேற்றன. 1972 இல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் அமைந்தது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது.

மாதச் சம்பளமும், குடியிருப்பு 'லைன்' வீடும், மருத்துவமனையும் ஒருங்கே கிடைத்துவந்த ஒரு சமூகத்திற்கு இது எத்தகைய இடி என்பதை விவரிக்கத் தேவையில்லை. அதன் பின்னர், மாரிக்குப்பத்திலிருந்தும் பங்காருப்பேட்டையிலிருந்தும் விடியுமுன் புறப்படும் ரயில்களில் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று, இரவில் திரும்புவது ஆயிரக்கணக்கானோரின் வாழ்க்கை முறையாயிற்று. உணவைப் பற்றிப் பேசும்போது இச்செய்தியை மறத்தலாகாது. அதிகாலை நான்கு மணிக்கு அடுப்பு மூட்டும் வீட்டில், கீரையை ஆய்ந்து, மண் போகப் பலமுறை அலசிக் கடைவதற்கு நேரமில்லை. ஒரு கைப்பிடி கொத்தமல்லியை அரைத்துத் துவையலாக்கிச் சோற்றுடன் பிசைந்து கட்டிக் கொடுப்பது எளிது. நேரமும் ஒரு விலைதான். அட்டவணைகளில் அவ்விலை இடம்பெறுவதில்லை.

அட்டவணை கூறுவது

இந்திய உணவுப் பொருள்களின் சத்து மதிப்பைக் கணக்கிடும் பணி, நீலகிரியிலுள்ள குன்னூரில் தொடங்கியது. 1918 இல் ராபர்ட் மெக்காரிசன் அங்கு சிறு ஆய்வுக்கூடமாக அமைத்தது பின்னர் வளர்ந்து, 1958 இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டு, இன்று தேசிய ஊட்டச் சத்து நிறுவனமாக விளங்குகிறது. குன்னூரில் பணியாற்றிய அய்க்ராய்டு 1937 இல் வெளியிட்ட சிறு நூலே இந்திய உணவுகளின் சத்து அட்டவணைகளுக்கு முன்னோடி. 1971 இல் கோபாலன் முதலியோர் அதனை விரிவாக்கினர். அண்மைக்கால மாணவர் பலரும் பயன்படுத்திய அட்டவணை இதுவே.

அதன்படி, 100 கிராம் பழுத்த மாம்பழச் சதையில் 74 கலோரியும், 0.6 கிராம் புரதமும், 16.9 கிராம் மாவுச் சத்தும், 14 மில்லி கிராம் சுண்ணாம்புச் சத்தும், 16 மில்லி கிராம் வைட்டமின் 'சி'யும், 2,743 மைக்ரோ கிராம் கரோட்டினும் உள்ளன. அதே 100 கிராம் கொத்தமல்லித் தழையில் 44 கலோரியும், 3.3 கிராம் புரதமும், 6.3 கிராம் மாவுச் சத்தும், 184 மில்லி கிராம் சுண்ணாம்புச் சத்தும், 135 மில்லி கிராம் வைட்டமின் 'சி'யும், 6,918 மைக்ரோ கிராம் கரோட்டினும் உள்ளன. அதாவது கலோரியும் மாவுச் சத்தும் நீங்கலாக, மற்றவற்றிலெல்லாம் தழையே முந்தி நிற்கிறது. புரதத்தில் ஐந்தரை மடங்கு, சுண்ணாம்புச் சத்தில் பதின்மூன்று மடங்கு, வைட்டமின் 'சி'யில் எட்டு மடங்குக்கு மேல், கரோட்டினில் இரண்டரை மடங்கு.

காயாக இருக்கும்போது மாங்காயில் 90 மைக்ரோ கிராம் கரோட்டினே உண்டு என்று இதே அட்டவணை கூறுகிறது. பழுக்கும்போதுதான் அது முப்பது மடங்காகப் பெருகுகிறது. ஊறுகாய்க்குச் செல்லும் காய்க்கும் உண்ணும் பழத்திற்கும் பெயர் ஒன்றாயினும், சத்தளவில் இரண்டும் வெவ்வேறு பொருள்கள்.

தேர்வுக்கு எழுதும் மாணவன் இத்துடன் நிறுத்திக் கொள்ளலாம். சமையலறைக்கோ, கொள்முதல் அலுவலகத்திற்கோ செல்ல வேண்டியவர் நிறுத்திக்கொள்ள இயலாது.

இரும்பின் கதை

முதலில், எண்ணே மாறிய ஒரு செய்தி. பழைய அட்டவணையில் கொத்தமல்லித் தழையின் இரும்புச் சத்து 100 கிராமுக்கு 18.5 மில்லி கிராம் எனக் குறிக்கப்பட்டிருந்தது. இரத்தசோகைக்குக் கொத்தமல்லியைப் பரிந்துரைக்க வேறென்ன வேண்டும்? ஆனால் 1989 இல் திருத்தப்பட்ட பதிப்பில் இந்த எண் 1.42 என ஆயிற்று. பதின்மூன்றில் ஒரு பங்கு! கொத்தமல்லிக்கு மட்டும் நேர்ந்ததன்று இது. பசலை 10.9 லிருந்து 1.14 ஆகவும், தண்டுக்கீரை 25.5 லிருந்து 3.49 ஆகவும் குறைந்தன.

செடியில் எந்த மாறுதலும் நிகழவில்லை. அளவிடும் முறைதான் திருந்தியது. தரையோடு ஒட்டி வளரும் தழைகளில் மண்ணும் தூசும் படிகின்றன. அம்மண்ணில் இரும்பு உண்டு. இலையை எரித்துச் சாம்பலாக்கி அளந்தபோது, இலையின் இரும்பும் மண்ணின் இரும்பும் ஒருசேரக் கணக்கில் ஏறின. மண்ணிரும்பு உடலில் சேருவது மிகச் சொற்பமே. தங்க வயலில் இச்செய்தியைத் தனியே அழுத்திச் சொல்லவேண்டியுள்ளது. தாதுவிலிருந்து தங்கத்தைப் பிரித்தபின் கொட்டப்பட்ட கழிவு, 'சயனைடு மேடு' என்ற பெயரில் இங்கு குன்று குன்றாகக் கிடக்கிறது. காற்று வீசும் மாதங்களில் அம்மேடுகளின் தூசு ஊர் முழுவதும் பறக்கிறது. திறந்த வெளியில் வளர்த்த, அல்லது விற்பனைக்கு விரித்துவைத்த தழையைப் பலமுறை நீர் மாற்றி அலச வேண்டுவது இங்கு வழக்கமான சுகாதார அறிவுரைக்கும் மேலானது. அலசுவதற்கோ நீர் வேண்டும். கோலார் மாவட்டத்திலோ ஆழ்துளைக் கிணறுகள் ஆயிரம் அடிக்குக் கீழே சென்றுவிட்டன.

எண் திருந்தி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும், பழைய எண் முற்றிலும் மறைந்துவிடவில்லை. ஒரு துண்டுப் பிரசுரத்திலோ சுவரொட்டியிலோ கொத்தமல்லிக்கு 18 என்னும் இரும்புக் கணக்கைக் கண்டால், அது எந்த ஆண்டுப் பதிப்பிலிருந்து எடுக்கப்பட்டது என்று அலுவலர் கேட்பது நன்று.

கரோட்டின் வேறு, வைட்டமின் 'ஏ' வேறு

இரண்டாவது செய்தி இதனினும் நுட்பமானது. தாவரங்களில் வைட்டமின் 'ஏ' நேரடியாக இல்லை. கரோட்டின் என்னும் நிறப்பொருளாக அது இருக்கிறது. உடல் அதனை வைட்டமின் 'ஏ'வாக மாற்றிக் கொள்கிறது. எவ்வளவு கரோட்டின் சேர்ந்து ஒரு பங்கு வைட்டமின் ஆகும்? நெடுங்காலம் நம் நாட்டில் நான்குக்கு ஒன்று என்றும், உலக அமைப்புகள் ஆறுக்கு ஒன்று என்றும் கணக்கிட்டன. பழமாயினும் தழையாயினும் இதே விகிதம்.

1990களில் இந்தோனேசியாவில் பள்ளிச் சிறுவர்களிடம் நடத்திய ஆய்வு இந்நம்பிக்கையைக் குலைத்தது. சஸ்கியா டி பீ முதலியோர் 1998 இல் வெளியிட்ட முடிவின்படி, மஞ்சள் நிறப் பழங்களில் 12 பங்கு கரோட்டின் ஒரு பங்கு வைட்டமினுக்குச் சமம். கரும்பச்சை இலைகளிலோ 26 பங்கு தேவை. காரணம் தாவரத்தின் உள்ளமைப்பில் இருக்கிறது. இலையில் கரோட்டின் பச்சையத்துடனும் புரதத்துடனும் பிணைந்து செல்லுக்குள் பூட்டப்பட்டுள்ளது. பழுத்த கனியில் அது நெய்த்துளியில் கரைந்த நிலையில், எளிதில் வெளிப்படுமாறு இருக்கிறது.

இவ்விகிதத்தை நம் அட்டவணையில் பொருத்திப் பார்த்தால் விளைவு வியப்பளிக்கிறது. மாம்பழத்தின் 2,743 ஐ 12 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 229 மைக்ரோ கிராம். கொத்தமல்லியின் 6,918 ஐ 26 ஆல் வகுத்தால் 266. இரண்டரை மடங்கு என்று கண்ட வேறுபாடு ஆறில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. எடைக்கு எடை, இரண்டும் ஏறத்தாழச் சமம்.

தழையை நன்கு அரைத்தால் செல்கள் உடைபட்டுக் கரோட்டின் கூடுதலாக வெளிப்படும். உடன் சிறிது எண்ணெய் சேர்ந்தால் உடலில் ஏறும். குழம்பின் மேல் கிள்ளித் தூவிய இலையைவிட, எண்ணெயில் வதக்கி அம்மியில் அரைத்த துவையல் இவ்வகையில் மேம்பட்டது. வீட்டுப் பாட்டிமார் ருசிக்காகச் செய்த காரியத்திற்கு ஆய்வுக்கூடம் பிற்பாடு காரணம் கண்டது என்று சொல்லலாம்.

நூறு கிராம் யார் உண்கிறார்?

இதுவரை செய்த ஒப்பீடுகள் அனைத்தும் 100 கிராமுக்கு 100 கிராம் என்னும் அடிப்படையில் அமைந்தவை. பொருளியல் மாணவருக்கு இங்கே ஐயம் எழ வேண்டும். 100 கிராம் கொத்தமல்லி என்பது ஒரு பெரிய கட்டு. அதனை ஒருவர் ஒரு நாளில் உண்பதில்லை. துவையல் அரைக்கும் வீட்டிலும், ஆளுக்குப் பத்து கிராம் வந்தால் அதிகம். ரசத்தில் போடுகையில் இரண்டு, மூன்று கிராமுக்கு மேல் இராது. மாறாக, நடுத்தர மாம்பழம் ஒன்றில் தோலும் கொட்டையும் நீங்க 150 கிராம் சதை கிடைக்கும். அதனை ஒரு சிறுவன் ஒரே மூச்சில் உண்டுவிடுவான்.

ஆகவே ஒரு பழத்தையும் ஒரு பங்குத் துவையலையும் ஒப்பிடுவோம். 150 கிராம் மாம்பழத்தில் 111 கலோரி, 0.9 கிராம் புரதம். 21 மில்லி கிராம் சுண்ணாம்புச் சத்து. 24 மில்லி கிராம் வைட்டமின் 'சி'. மேற்கூறிய விகிதப்படி 343 மைக்ரோ கிராம் வைட்டமின் 'ஏ'. 10 கிராம் கொத்தமல்லியில் 4 கலோரி, 0.33 கிராம் புரதம், 18 மில்லி கிராம் சுண்ணாம்பு, 13.5 மில்லி கிராம் வைட்டமின் 'சி'. 27 மைக்ரோ கிராம் வைட்டமின் 'ஏ'. தழை முந்தியிருந்த அனைத்திலும் இப்போது பழம் முந்திவிட்டது. ஒரு பெண்ணின் அன்றாடத் தேவை 840 மைக்ரோ கிராம் வைட்டமின் 'ஏ' என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 2020 இல் வகுத்தது. அதில் ஐந்தில் இரண்டு பங்கை ஒரு மாம்பழம் தருகிறது. துவையல் தருவது நூற்றில் மூன்று பங்கே.

அப்படியாயின் வழக்கு மாம்பழத்திற்குச் சாதகமாக முடிந்துவிட்டதா? இல்லை. பழம் ஆண்டு முழுவதும் கிடைப்பதில்லை.

இருப்பும் வரத்தும்

ஒரு தங்க வயல் குடும்பத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பழம் வீதம் அறுபது நாட்கள் மாம்பழம் கிடைக்கிறது என்றும், ஆண்டில் முந்நூறு நாட்கள் பத்து கிராம் கொத்தமல்லி உணவில் சேருகிறது என்றும் கொள்வோம். இது கணக்கு வசதிக்கான எடுகோளே. எல்லா வீட்டிலும் இவ்வாறு இருக்கும் என்பதில்லை. ஆண்டு முழுவதற்குமாக, பழம் 20,500 மைக்ரோ கிராம் அளவில் வைட்டமின் 'ஏ' தரும்; தழை தருவது 8,000. வைட்டமின் 'சி'யில் இதற்கு மாறாக, பழம் 1,440 மில்லி கிராமும் தழை 4,050 மில்லி கிராமும் தரும்.

இங்கே உடலியல் ஒரு நல்ல பொருளாதாரப் பாடத்தை வழங்குகிறது. வைட்டமின் 'ஏ' கொழுப்பில் கரைவது. ஈரலில் சேமித்து வைக்கப்படுவது. பருவத்தில் மிகுதியாக உண்ட மாம்பழத்தின் ஒரு பகுதி, பருவம் முடிந்த பின்னும் சில மாதங்கள் இருப்பாக நின்று உதவும். மேற்கு ஆப்பிரிக்காவில் மாம்பழக் காலத்தை ஒட்டி மக்களின் வைட்டமின் 'ஏ' நிலை உயர்வதும், பின்னர் தாழ்வதும் ஆய்வுகளில் காணப்பட்டுள்ளன. வைட்டமின் 'சி' அவ்வாறன்று. அது நீரில் கரைவது; வேண்டிய அளவுக்கு மேற்பட்டது சிறுநீரில் வெளியேறிவிடும். மே மாதத்தில் உண்டதை டிசம்பருக்கு வைத்திருக்க இயலாது. முன்னதற்கு இருப்பு முக்கியம், பின்னதற்கு அன்றாட வரத்து முக்கியம். பருவகாலப் பழத்தையும் ஆண்டு முழுவதும் கிடைக்கும் தழையையும் ஒன்றுக்கொன்று போட்டியாக நிறுத்துவது இதனாலேயே பொருந்தாது.

ஆயினும் தழையின் வைட்டமின் 'சி' பற்றி ஓர் எச்சரிக்கை தேவை. அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணை, 100 கிராம் கொத்தமல்லித் தழைக்கு 27 மில்லி கிராம் என்றே கூறுகிறது. நம் பழைய எண்ணில் ஐந்தில் ஒரு பங்கு. மாம்பழத்துக்கோ அது 36 எனக் கூறுகிறது. நம்முடையதைவிட இரு மடங்குக்கும் மேல். அந்த எண்களை மேற்கண்ட ஆண்டுக் கணக்கில் இட்டால், வைட்டமின் 'சி'யிலும் பழமே முந்தும்: 3,276 க்கு எதிராக 810. கரோட்டினிலோ அமெரிக்க மாம்பழத்துக்கு 640 மைக்ரோ கிராமே உள்ளது. அங்கு விற்கப்படும் இரகங்கள் வேறு, அவை பறிக்கப்படும் முதிர்ச்சியும் வேறு. 2017 இல் தேசிய ஊட்டச் சத்து நிறுவனம் நாட்டின் ஆறு மண்டலங்களிலிருந்து 528 உணவுப் பொருள்களைத் திரட்டிப் புதிதாக அளந்து வெளியிட்ட அட்டவணையிலும், தழையின் வைட்டமின் 'சி' பழைய எண்ணைவிட வெகுவாகக் குறைவு.

வைட்டமின் 'சி' காற்றிலும் வெப்பத்திலும் அழியக்கூடியது. பறித்தவுடன் அளந்த தழைக்கும், லாரியில் வந்து ஒரு பகல் வெயிலில் வாடிய தழைக்கும் ஒரே எண் பொருந்தாது. கொதிக்கும் ரசத்தில் இட்ட தழை வாசனையைத் தரும், சத்தை அவ்வளவாகத் தராது. இறக்கிய பின் தூவுவதும், பச்சையாக அரைத்து எலுமிச்சைச் சாறு பிழிவதும் நல்ல பழக்கங்கள். வீட்டு வாசலில் ஒரு பழைய தகரத்திலோ மரப்பெட்டியிலோ தனியாவை விதைத்துத் தேவைக்குக் கிள்ளுகிறவர், சந்தைத் தழையை வாங்குபவரைவிட அதிக வைட்டமின் 'சி' பெறுகிறார். இடநெருக்கடி மிகுந்த லைன் வீடுகளில் இதுவே சாத்தியமான தோட்டம். தனியாவை இரண்டாக உடைத்து விதைத்தால் நாற்பது நாட்களில் தழை எடுக்கலாம். கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 850 மீட்டர் உயரமுள்ள தங்க வயலின் பனிக்காலம் இதற்கு மிக ஏற்றது. கோடையில் செடி விரைவில் பூத்துவிடும்.

கேழ்வரகின் துணை

கோலார் மாவட்டத்தின் அடிப்படைத் தானியம் கேழ்வரகு. தங்க வயலில் அரிசிச் சோறு பெருகிவிட்ட போதிலும், களி மறையவில்லை. 100 கிராம் கேழ்வரகில் 344 மில்லி கிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. மாம்பழமோ கொத்தமல்லியோ இதன் அருகில் நிற்க முடியாது. களி உண்ணும் வீட்டில் சுண்ணாம்புச் சத்திற்காகத் தழையைப் புகழ்வதில் பொருளில்லை. கேழ்வரகிலுள்ள இரும்பு உடலில் சேருவதுதான் கடினம். அதிலுள்ள பைட்டிக் அமிலமும் துவர்ப்புப் பொருள்களும் தடையாக நிற்கின்றன. உடன் உண்ணும் வைட்டமின் 'சி' அத்தடையை ஓரளவு தளர்த்துகிறது. ஒரே வேளையில், ஒரே தட்டில் இருந்தால்தான் இப்பயன் கிட்டும். களியுடன் எலுமிச்சை பிழிந்த பச்சைத் துவையல் என்னும் சேர்க்கையில் கொத்தமல்லி பெறும் இடம் இது; இரும்பைத் தானே தருவதாலன்று, தானியத்தின் இரும்பு சேர உதவுவதால். மாம்பழத்தை மாலையில் தனியே உண்பதற்குப் பதிலாக உணவோடு உண்டால் அதுவும் இதே உதவியைச் செய்யும்.

சர்க்கரை நோயாளிகளுக்கு மாம்பழத்தின் இனிப்பு ஒரு தடை. அளவறிந்து உண்ண வேண்டும். இரத்தம் உறையாதிருக்க வார்பரின் மாத்திரை உண்பவர்கள், தழையில் வைட்டமின் 'கே' மிகுதியாக இருப்பதால், அதன் அளவைத் திடீரெனக் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

விலையும் விளைச்சலும்

சத்துக் கணக்கை விலைக் கணக்காக மாற்ற எளிய வழி உண்டு. உண்ணும் பகுதியை மட்டும் எடுத்துக் கொண்டால், வைட்டமின் 'ஏ'வுக்காக வாங்குபவருக்குக் கொத்தமல்லியின் கிலோ விலை மாம்பழத்தின் விலையைவிட ஆறில் ஒரு பங்கு வரை கூடுதலாக இருக்கலாம். அதற்கு மேல் போனால் பழமே சிக்கனம். வாங்கிய எடையில் மாம்பழத்தில் சுமார் கால் பங்கு தோலும் கொட்டையுமாகக் கழியும். தழையிலும் வேர், முற்றிய தண்டு என ஏறத்தாழ அதே அளவோ சற்றுக் கூடுதலாகவோ கழியும். எனவே கழிவினால் முடிவு பெரிதும் மாறாது. கட்டுக் கணக்கில் விற்கப்படும் தழையை ஒருமுறையேனும் தராசில் இட்டுப் பார்க்க வேண்டும். மலிவு என்று எண்ணியிருந்த பொருளின் கிலோ விலை, மழை பெய்து பயிர் அழுகிய வாரங்களில், பழத்தின் விலையைத் தாண்டிச் செல்வது அப்போது தெரியவரும்.

மாம்பழத்தின் விலை வேறு திசையில் அலைகிறது. சீனிவாசபுரம், முல்பாகல் பகுதிகளில் பாதாமி, பங்கனபள்ளி, ரசபுரி, மல்லிகா, நீலம், கிளிமூக்கு எனும் தோத்தாபுரி ஆகியவை விளைகின்றன. தோத்தாபுரியின் பெரும்பகுதி உண்பதற்கன்றி, கூழாக்கும் ஆலைகளுக்கே செல்கிறது. அவ்வாலைகளில் பல அண்டை மாநிலத்துச் சித்தூரில் உள்ளன. 2025 ஜூன் மாதத்தில் சித்தூர் மாவட்ட நிர்வாகம் பிற மாநிலத் தோத்தாபுரி வரவைத் தடை செய்தபோது, எல்லைக்கு இப்புறத்தில் காய் தேங்கி விலை சரிந்தது. கர்நாடக அரசின் வேண்டுகோளின் பேரில் மத்திய அரசு, சந்தைத் தலையீட்டுத் திட்டத்தின் கீழ் குவிண்டாலுக்கு ரூ. 1,616 என்னும் ஆதார அளவில் 2.5 லட்சம் டன் வரை விலை வேறுபாட்டை ஈடுசெய்ய முன்வந்தது.

விளைவித்தவன் பறிகூலிக்கும் வழியின்றிக் காயைத் தெருவோரம் கொட்டும் வாரத்தில், சில மணி நேரப் பயணத் தொலைவிலுள்ள தங்க வயலின் அங்கன்வாடிக் குழந்தைக்கு மாம்பழம் அரிய பொருளாக இருக்கிறது. இம்முரண்பாட்டைச் சத்து அட்டவணை தீர்க்காது. தோத்தாபுரி பழமாக உண்ணவும் ஏற்றதே. அதன் சதை பாதாமியைப் போல ஆழ்ந்த செம்மஞ்சள் இல்லாததால் கரோட்டின் குறைவாக இருக்கலாமே தவிர, பயனற்றதன்று. பொதுவாக, சதையின் நிறம் ஆழ ஆழக் கரோட்டின் மிகும் என்பது சந்தையில் பயன்படக்கூடிய ஒரு தோராயமான அளவுகோல்.

பள்ளி உணவுத் தட்டில்

மதிய உணவுத் திட்டத்தில், தொடக்கப் பள்ளி மாணவன் ஒருவனுக்கு 100 கிராம் தானியம், 20 கிராம் பருப்பு, 50 கிராம் காய்கறி, 5 கிராம் எண்ணெய் என்பது வரையறை. பழத்திற்கு இதில் தனி இடம் இல்லை. காய்கறி 50 கிராமில் 'கீரை வகை' என்னும் கட்டத்தை நிரப்ப, சாம்பாரில் மூன்று கிராம் கொத்தமல்லி தூவிப் பதிவேட்டில் எழுதிவிடுவது எளிது. அதனால் கிடைக்கும் வைட்டமின் 'ஏ' 8 மைக்ரோ கிராம். அதே இடத்தில் 25 கிராம் தண்டுக்கீரை பருப்புடன் வெந்தால் 53 மைக்ரோ கிராம் கிடைக்கும். கரோட்டினில் தண்டுக்கீரை 5,520 தான்; அட்டவணையில் கொத்தமல்லிக்குக் கீழே நிற்பது. ஆயினும் அள்ளி உண்ணத்தக்கது என்பதால் தட்டில் மேலே வருகிறது. கொத்தமல்லிக்கு உண்மையான மாற்று மாம்பழம் அன்று, கீரையே.

தங்க வயல் போன்ற ஊரில் பள்ளி உணவுப் பொறுப்பாளர் ஒருவர் இக்கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு செய்யக்கூடியவை சில உண்டு. கர்நாடகப் பள்ளிகள் மே மாத இறுதியில் திறக்கின்றன. மாம்பழ வரத்து அப்போது உச்சத்தில் இருக்கும். ஜூன் மாதத்தில் வாரத்திற்கு இரு நாட்கள், ஒரு குழந்தைக்கு 75 கிராம் பழத்துண்டு சேர்த்தால் ஒரு நாளுக்கு 171 மைக்ரோ கிராம் வைட்டமின் 'ஏ' கிட்டும். விலை சரிந்த ஆண்டில் இதற்காகும் செலவு சிறிது; ஆனால் கொள்முதல் அனுமதி மார்ச் மாதத்திலேயே எழுதி வாங்கப்பட்டிருக்க வேண்டும், ஏனெனில் கோப்பு நகரும் வேகத்தைவிடப் பழம் அழுகும் வேகம் மிகுதி. ஜூலைக்குப் பின் கீரையும், கேழ்வரகு வழங்கும் நாளில் எலுமிச்சை சேர்த்த கொத்தமல்லித் துவையலும் அவ்விடத்தை எடுத்துக் கொள்ளலாம். துவையலைக் காலையில் அரைத்து வைக்காமல், பரிமாறுவதற்குச் சற்றுமுன் அரைக்குமாறு சமையல் பணியாளரிடம் கூற வேண்டும். தழையை அலச ஒரு குடம் நீர் கூடுதலாக ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.